மின்னஞ்சல் எங்கே வசிக்கின்றது?

தபாற்காரர் தந்த கடிதம் அலுமாரியில் இருக்கும். அன்றேல் தகரப் பெட்டியில் இருக்கும். கறையான் அரித்துவிட்டால் இல்லை. மின்னஞ்சலின் இருப்பிடம் அத்தனை தெளிவானதன்று. கைத்தொலைபேசியில் தோன்றும் கடிதம் கைத்தொலைபேசிக்குள்ளேயே இருக்கின்றதென நம்பியிருப்போர், வெளிநாட்டிலுள்ள மகன் பத்தாண்டாக எழுதியவற்றையெல்லாம் ஒரே நாளில் இழந்துவிடல் கூடும்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் றே ரொம்லின்சன் வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் அனுப்பினார். அவ்விரு கணினிகளும் அருகருகே நின்றவை என்பது வேடிக்கை! அந்நாளில் கடிதம் வந்து சேர்ந்த பெருங்கணினியிலேயே கிடக்கும்; அங்கேயே படிப்பர். மேசைக்கு மேசை சிறு கணினிகள் வந்தபின்னரே சிக்கல் பிறந்தது. இரவு பகலாக விழித்திருந்து நமக்குரிய கடிதங்களை ஏற்கும் கணினிக்குச் சேவையகம் என்று பெயர். அங்குள்ள கடிதம் நம் கைக்கு வருவது எங்ஙனம்?

1984இல் 'பொப்' என்னும் முறை வந்தது. அதன் முழுப்பெயருக்குத் 'தபாற்கந்தோர் நெறிமுறை' என்பதே பொருள். கடிதத்தை நம் கணினிக்கு இறக்கியதும், வழக்கமாகச் சேவையகத்திலுள்ள படி அழிக்கப்படும். சேவையகத்தில் இடம் அருகியிருந்த காலத்துக்கு அது மிகப் பொருத்தமே. ஆயின், அக்கணினி பழுதானால் கடிதங்களும் அதனோடு போய்விடும்.

1986இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வகுத்த 'ஐமாப்' முறையோ வேறு. கடிதம் சேவையகத்திலேயே தங்கும். கணினியும் கைத்தொலைபேசியும் அதனைக் காட்டும் சாளரங்கள் மாத்திரமே. ஒன்றிற் படித்த கடிதம் மற்றதிலும் படித்ததாகத் தோன்றும். அதே காரணத்தால், இடம் போதவில்லையென்று கைத்தொலைபேசியில் அழித்த கடிதம் கணினியிலும் மறைந்துவிடும். பலர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். மூன்று கருவிகளிற் கண்ணுக்குத் தெரிவதால் மூன்று படிகள் உண்டென்று கொள்ளலாகாது.

சேவையகத்தாரும் தவறாதவரல்லர். 2011 பெப்ரவரியில் மென்பொருட் பிழையொன்றினால் ஜீமெயில் பாவனையாளருள் ஏறத்தாழ 0.02 சதவீதத்தினரின் அஞ்சற்பெட்டிகள் வெறுமையாயின. பல இடங்களில் வைத்திருந்த படிகளையும் அப்பிழை தாக்கியது. இறுதியில் அவற்றை மீட்டுத் தந்தவை வலையமைப்பிற் சேராது தனியே வைக்கப்பட்டிருந்த காந்த நாடாக்கள். பழம்பொருளென்று பலர் கருதுவது அந்த நாடா!

வீட்டிலும் அவ்வாறு ஒரு தனிப்படி வைத்தல் எளிது. தண்டர்பேர்ட் போன்ற இலவச மென்பொருளால் கடிதங்களைக் கணினியின் உட்கோப்புறைக்குப் படியெடுத்து, அதனை வெளித்தட்டொன்றில் இட்டுவைக்கலாம். இணைப்பாக வரும் படங்கள் எழுத்துருவாக மாற்றப்படுவதால் மூன்றிலொரு பங்கு பருத்துவிடும். ஆதலின் தட்டில் இடம் தாராளமாக வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் சேவையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோரும் இரு கணக்குகளையும் அம்மென்பொருளில் திறந்து கடிதங்களைக் கொண்டுசெல்லலாம். நகர்த்துதல் வேண்டாம், படியெடுத்தலே நன்று. இடைநடுவில் இணைப்பு அறுந்தாலும் மூலம் பத்திரமாயிருக்கும். எண்ணிக்கை சரியோவென்று கோப்புறை தோறும் ஒப்பிடுக. பழைய கணக்கை உடனே மூடிவிடவும் வேண்டாம்: வங்கியும் பாடசாலையும் இன்னும் அம்முகவரிக்கே எழுதிக்கொண்டிருக்கும்.

அதற்காக அதனை மறந்துவிடவும் இயலாது. ஈராண்டாக எவரும் பயன்படுத்தாத தனியாள் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகிள் நிறுவனம் 2023 டிசம்பரில் தொடங்கியது. காலஞ்சென்ற பாட்டனாரின் கணக்கும் அவ்விதிக்கு உட்பட்டதே.