கேன்சஸ் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி

கேன்சஸ் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி, அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரில் அமைந்துள்ள அரசுப் பல்கலைக்கழகத்தின் அணியாகும். ‘ஜேஹாக்ஸ்’ என்பது அதன் பெயர். 1898-99 கல்வியாண்டில் இவ்வணி தொடங்கப்பட்டது. என்சிஏஏ எனப்படும் அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் போட்டியில் 1952, 1988, 2008, 2022 ஆகிய நான்கு ஆண்டுகளில் கோப்பையை வென்றுள்ளது. இதைவிட அதிகக் கோப்பைகள் வென்ற அணிகள் உண்டு. ஆனால் கூடைப்பந்து விளையாட்டைக் கண்டுபிடித்தவரே வந்து தொடங்கிவைத்த அணி என்ற பெருமை இதற்கு உரியது. அவரிடமே பாடம் படித்தும், தோலின் நிறம் காரணமாக இந்த அணியில் இடம் பெற முடியாமல் போன ஒரு மாணவரின் வரலாறும் இதனுடன் சேர்ந்தே வருகிறது.

பெயர்க் காரணம்

ஜேஹாக் என்று ஒரு பறவை உலகில் இல்லை. ஜே என்ற பறவையின் பெயரையும் ஹாக் எனப்படும் பருந்தின் பெயரையும் இணைத்து உருவான கற்பனைப் பறவை அது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய ஆண்டுகளில், கேன்சஸ் பகுதியில் அடிமை முறை அனுமதிக்கப்படுமா, தடுக்கப்படுமா என்பதில் இரு தரப்பினரும் ஆயுதம் ஏந்தி மோதினர். அடிமை முறையை எதிர்த்த குழுவினரை ‘ஜேஹாக்கர்’ என்று அழைத்தனர். லாரன்ஸ் நகரமே அடிமை முறைக்கு எதிரானவர்கள் குடியேறி உருவாக்கிய ஊர். 1863-இல் எதிர்த்தரப்புப் படையினர் அவ்வூருக்குத் தீ வைத்துப் பலரைக் கொன்றனர். இத்தகைய ஊரின் அணியில் கறுப்பின மாணவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக இடமில்லை என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

நெய்ஸ்மித்தின் காலம்

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861-இல் கனடாவில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்குக் கூரைக்குள் ஆட ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. 1891 டிசம்பரில் பீச் பழக்கூடைகள் இரண்டை உயரமாக அடித்து, 13 விதிகளை எழுதி, 18 மாணவர்களை இரு அணிகளாகப் பிரித்து ஆடவிட்டார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்பதே அவ்விதிகளின் உயிர்நாடி. இன்று நாம் காணும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் முறை அவற்றில் இல்லை; அது பின்னால் வந்து சேர்ந்தது. (சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியும் இதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்ததுதான். இந்தியாவுக்குக் கூடைப்பந்து வந்ததும் அவ்வியக்கத்தின் வழியாகவே.)

1898-இல் நெய்ஸ்மித் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார். அவரை அழைத்தது கூடைப்பந்துக்காக அல்ல. உடற்கல்வி கற்பிக்கவும் வழிபாட்டுக் கூட்டங்களை நடத்தவும்தான். 1899 பிப்ரவரி 3 அன்று அணியின் முதல் ஆட்டம் கேன்சஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. அணியுடன் நடைபெற்றது. அதில் 5-16 என்ற புள்ளிக் கணக்கில் கேன்சஸ் தோற்றது. 1907 வரை பயிற்றுநராக இருந்த நெய்ஸ்மித்தின் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகக் கொண்டு விடைபெற்ற ஒரே கேன்சஸ் பயிற்றுநர், இந்த விளையாட்டைப் படைத்தவர்தான்! அது அவருடைய திறமைக் குறைவு என்று கருதுவது சரியாகாது. அவருக்கு இது உடலையும் ஒழுக்கத்தையும் வளர்க்கும் பயிற்சி. ஆட்டம் நடக்கும்போது பல நேரங்களில் நடுவராகப் பணியாற்றுவதையே அவர் விரும்பினார்.

ஃபாக் ஆலன்

நெய்ஸ்மித்தின் மாணவரும் அணியின் ஆட்டக்காரருமான ஃபாரஸ்ட் ஆலன் இதற்கு நேர்மாறானவர். அவர் வேறொரு கல்லூரியில் பயிற்றுநர் வேலைக்குச் செல்ல விரும்பியபோது, கூடைப்பந்து ஆடுவதற்குரியது, பயிற்றுவிப்பதற்குரியது அல்ல என்று ஆசிரியர் நகைத்ததாகச் சொல்வார்கள். ஆலன் கேட்கவில்லை. 1907 முதல் 1909 வரையிலும், பின்னர் 1919 முதல் 1956 வரையிலும் கேன்சஸ் அணியை வழிநடத்தி 590 ஆட்டங்களை வென்றார். பேஸ்பால் நடுவராக இருந்தபோது மூடுபனிக் காலத்தில் கப்பல்கள் ஊதும் சங்கைப் போல் அவர் குரல் ஒலித்ததால் ‘ஃபாக்’ என்ற பட்டப்பெயர் நிலைத்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்க்கப்படுவதற்குப் பாடுபட்டவர்களில் இவர் முக்கியமானவர். தம் விளையாட்டை ஒலிம்பிக்கில் காணும் பேறு முதிய நெய்ஸ்மித்துக்கும் வாய்த்தது. அவர் 1939-இல் லாரன்ஸில் காலமானார்.

ஆலனிடம் ஆடியவர்களே பிற்காலத்தில் பிற பல்கலைக்கழகங்களின் புகழ்பெற்ற பயிற்றுநர்கள் ஆனார்கள். கென்டக்கியில் 876 வெற்றிகள் கண்ட அடால்ஃப் ரப், அந்த எண்ணிக்கையை 1997-இல் தாண்டிய வட கரோலினாவின் டீன் ஸ்மித் ஆகிய இருவரும் கேன்சஸில் மாற்று ஆட்டக்காரர்களாகப் பெரும்பாலும் வெளியே அமர்ந்திருந்தவர்கள். ஸ்மித் இடம்பெற்ற 1952-ஆம் ஆண்டு அணி, கிளைட் லவ்லெட் என்பவரின் ஆட்டத்தால் இறுதியாட்டத்தில் செயின்ட் ஜான்ஸ் அணியை 80-63 என வென்றது. அவ்வாண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஏழு பேர் கேன்சஸ் ஆட்டக்காரர்கள்.

அணியில் இடம் பெறாத மாணவர்

ஜான் மெக்லெண்டன் 1915-இல் கேன்சஸ் மாநிலத்தின் ஹயவாதா என்ற சிற்றூரில் பிறந்த கறுப்பினத்தவர். 1933-இல் இப்பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். நெய்ஸ்மித் அவருக்கு வழிகாட்டி ஆசிரியராக இருந்து, தாம் அறிந்ததை எல்லாம் கற்றுக்கொடுத்தார். ஆயினும் பல்கலைக்கழக அணியில் வெள்ளையர் மட்டுமே ஆடினர். நீச்சல் குளத்திலும் அதே நிலைதான். மெக்லெண்டன் இறங்கி நீந்திய பிறகு குளத்து நீரை வெளியேற்றினார்கள். அவர் விடாமல் வாதாடி அக்குளத்தை எல்லோருக்கும் திறக்கச் செய்தார். கூடைப்பந்து அணியின் கதவு மட்டும் அவர் படித்து முடிக்கும்வரை திறக்கவே இல்லை. 1936-இல் அவர் பட்டம் பெற்றார். அங்கு உடற்கல்வியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவரே.

பின்னர் வட கரோலினாவில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி ஒன்றில் பயிற்றுநர் ஆனார். வேகமாகப் பாய்ந்து, எதிரணி நிலைகொள்ளும் முன்பே கூடையை நெருங்கும் ஆட்டமுறையை அங்கு வளர்த்தெடுத்தார். 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலையில், டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணி ஒன்று இரகசியமாக அவர் கல்லூரிக்கு வந்து ஆடியது. இரு இனத்தவரும் சேர்ந்து ஆடுவது அன்று தண்டனைக்குரியது என்பதால் கதவுகள் பூட்டப்பட்டன, பார்வையாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. மெக்லெண்டனின் மாணவர்கள் 88-44 என வென்றனர். அதன் பின் இரு அணியினரும் கலந்து இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். இந்நிகழ்ச்சி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது. டென்னசி மாநிலக் கல்லூரி ஒன்றின் அணிக்கு 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக தேசியக் கோப்பையையும் (என்ஏஐஏ என்ற மற்றொரு சங்கத்தின் போட்டி) அவர் பெற்றுத் தந்தார்.

கேன்சஸ் அணியில் முதல் கறுப்பின ஆட்டக்காரராக லவான்ஸ் ஸ்கொயர்ஸ் களமிறங்கியது 1950-களின் தொடக்கத்தில்தான்.

வில்ட் சேம்பர்லேன்

1955-இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஏழடிக்கும் மேல் உயரமான சேம்பர்லேனை ஆலன் அழைத்து வந்தார். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே அவர் புதுமுகங்களின் அணியில் ஆடினார். அந்த அணி முதன்மை அணியையே 81-71 என்று தோற்கடித்தது. ஆனால் 70 வயதில் ஓய்வு என்ற விதியால் ஆலன் 1956-இல் விலக நேர்ந்தது. தாம் கொண்டுவந்த சேம்பர்லேனைக் கொண்டு முதன்மை அணியில் ஓர் ஆட்டம்கூட நடத்த அவருக்கு வாய்க்கவில்லை. 1956 டிசம்பரில் தம் முதல் ஆட்டத்தில் சேம்பர்லேன் 52 புள்ளிகள் எடுத்தார்.

லாரன்ஸ் நகரின் உணவகங்கள் பல அப்போதும் கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாற மறுத்தன. சேம்பர்லேன் அத்தகைய கடைகளில் உள்ளே சென்று அமர்ந்து, பரிமாறும்வரை எழுந்திருக்க மறுத்தார். ஊரே கொண்டாடும் ஆட்டக்காரரை வெளியேற்றக் கடைக்காரர்கள் துணியவில்லை. ஒவ்வொரு கடையாக வழக்கம் மாறியது. 1957-இல் டல்லாஸ் நகரில் நடந்த மண்டல ஆட்டங்களின்போது அவரும் சக ஆட்டக்காரர் மாரிஸ் கிங்கும் பார்வையாளர்களின் இனவெறி வசைகளுக்கு இடையேதான் ஆட வேண்டியிருந்தது.

அவ்வாண்டு மார்ச் 23 அன்று கேன்சஸ் சிட்டியில் நடந்த இறுதியாட்டம் இன்றும் பேசப்படுகிறது. எதிரணி, அதுவரை ஓர் ஆட்டமும் தோற்காத வட கரோலினா. தொடக்கப் பந்தை எகிறித் தட்ட, சேம்பர்லேனுக்கு எதிராக ஆறடிக்கும் குறைவான டாமி கெர்ன்ஸை அதன் பயிற்றுநர் வேண்டுமென்றே அனுப்பினார். எப்படியும் அந்தப் பந்து கிடைக்காது. எதிராளியின் மனத்தையாவது குழப்பலாம் என்பது அவர் கணக்கு. பந்து சேம்பர்லேனிடம் சேராதபடி இரண்டு மூன்று பேர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஆட்டம் 46-46 எனச் சமனாகி, மூன்று முறை கூடுதல் நேரத்துக்குச் சென்றது. இரண்டாம் கூடுதல் நேரத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை. ஆறு நொடிகள் எஞ்சியிருந்தபோது ஜோ குவிக் இரண்டு ஃப்ரீ த்ரோ பந்துகளையும் கூடையில் போட்டார். சேம்பர்லேனை நோக்கி வீசப்பட்ட கடைசிப் பந்தையும் அவரே தட்டிவிட்டார். 53-54 எனக் கேன்சஸ் தோற்றது. சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணியின் சேம்பர்லேனுக்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டே அவர் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். அந்தத் தோல்விக்குத் தம்மையே ஊர் குற்றம் சொல்கிறது என்ற எண்ணத்தில் நீண்ட காலம் ஒதுங்கி இருந்தார். 1998 ஜனவரி 17 அன்று, அவருடைய 13-ஆம் எண் சட்டையைச் சிறப்பிக்கும் விழாவுக்குப் பழைய மாணவர் மேலங்கியை அணிந்து வந்தபோது அரங்கம் எழுந்து நின்று வரவேற்றது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

பிற்காலம்

இரண்டாவது கோப்பைக்கு 36 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1988-இல் 11 தோல்விகளுடன் போட்டி முடித்த ஓர் அணி, டேனி மேனிங் இறுதியாட்டத்தில் எடுத்த 31 புள்ளிகளால் ஓக்லஹோமாவை 83-79 என வென்றது. மாணவர் சேர்ப்பில் நடந்த விதிமீறலுக்காக மறு ஆண்டு போட்டியில் பங்கேற்கத் தடை விதிக்கப்பட்டது. அடுத்து வந்த ராய் வில்லியம்ஸ் 15 ஆண்டுகள் சிறப்பாக நடத்தியும் கோப்பை கைக்கு எட்டவில்லை. 2003-இல் பில் செல்ஃப் பொறுப்பேற்றார். 2008 இறுதியாட்டத்தில் மெம்ஃபிஸ் அணிக்கு எதிராக, இரண்டே நொடிகள் எஞ்சியபோது மாரியோ சால்மர்ஸ் தொலைவிலிருந்து எறிந்த மூன்று புள்ளிப் பந்து ஆட்டத்தைச் சமனாக்கியது. கூடுதல் நேரத்தில் 75-68 என வெற்றி கிட்டியது. 2022-இல் அதே வட கரோலினாவிடம் பாதி ஆட்டத்தில் 25-40 எனப் பின்தங்கி, இறுதியில் 72-69 என வென்றது. புகழுடன் கறையும் உண்டு: ஆட்டக்காரர் தகுதி தொடர்பான விதிமீறலுக்காக, 2018-இல் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்த சாதனை 2023-இல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

அரங்கம்

1955-இல் திறக்கப்பட்ட அணியின் அரங்கம் ஆலன் பெயரையும், அதன் ஆடுதளம் நெய்ஸ்மித் பெயரையும் தாங்கியுள்ளன. நெய்ஸ்மித்தின் 13 விதிகள் தட்டச்சு செய்யப்பட்ட மூலத் தாள்கள் இரண்டையும் 2010-இல் முன்னாள் மாணவர் டேவிட் பூத் ஏலத்தில் ஏறத்தாழ 43 இலட்சம் டாலருக்கு வாங்கினார். அவை அரங்கத்தை ஒட்டிய கட்டடத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. மெக்லெண்டன் 1979-இல் நெய்ஸ்மித் பெயரிலான கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் விளையாட்டுக்குப் பங்களித்தவர் என்ற பிரிவில் சேர்க்கப்பட்டார். பயிற்றுநர் என்ற முறையில் அதே மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது, அவர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்து, 2016-இல்.