கைத்துப்பாக்கியும் தூரதிருஷ்டிக் கண்ணாடியும்

மான் வேட்டை என்றால் தோளில் சாய்த்துச் சுடும் நீளத் துப்பாக்கியே நம் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவின் பல ராஜ்யங்களில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. 1955-ஆம் ஆண்டில் '44 மாக்னம்' என்னும் பலத்த தோட்டா தோன்றிய பின் இந்த வழக்கம் நன்கு வேரூன்றிற்று. குறி தவறாதிருக்கும் பொருட்டுத் துப்பாக்கியின் மேல் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியைப் பொருத்துகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

நீளத் துப்பாக்கிக்குரிய கண்ணாடியைக் கண்ணுக்கு மூன்று, நான்கு அங்குலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கைத்துப்பாக்கியோ நீட்டிய கையில், கண்ணுக்கு ஒன்றரை அடிக்கும் அப்பால் நிற்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்தும் முழுக் காட்சி தெரியும்படி செய்த தனிக் கண்ணாடியே இதற்கு ஏற்றது. மற்றதை வாங்கி முகத்தருகே கொண்டுவந்தால், உதையில் புருவம் கிழியும்.

அந்த உதையின் கணக்கு நியூட்டன் சொன்னதுதான். சுமார் 15 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 400 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் முன்னே பாய்கிறது. அதற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே பாய்கிறது. துப்பாக்கியின் கனம் குறையக் குறைய அது பாயும் வேகம் அதிகம். மேலே இருக்கும் கண்ணாடியோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. வண்டி திடீரெனக் கிளம்பினால், நிற்பவர் பின்னே சாய்வதில்லையா? அதே நியாயந்தான். இதனால் பிடிவளையம் நழுவும், திருகாணி முறியும், உள்ளிருக்கும் வில்லைகள் அசையும்.

ஆகவே வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பலத்த உதையுள்ள கைத்துப்பாக்கிக்கென்றே செய்யப்பட்டதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கனம் குறைந்ததே நல்லது. கனம் ஏற ஏறத் திருகாணிகளின் மேல் விழும் இழுப்பும் ஏறும். உருவத்தை இரு மடங்கு பெருக்கிக் காட்டும் மாறாத கண்ணாடி போதும். அதில் அசையும் உறுப்புக்கள் குறைவு. அதிகம் பெருக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். ஈரம் புகாதபடி நைட்ரஜன் வாயு நிரப்பி அடைத்திருக்க வேண்டும். பிடிவளையங்கள் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது விசேஷம்.

கண்ணாடி உடைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும். சற்றே நகர்ந்தால் தெரியாது, அபாயம் அதில்தான். 10 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரு வளையங்களில் ஒன்று, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும், 100 மீட்டர் தூரத்தில் குறி 10 சென்டிமீட்டர் தவறிவிடும். இருதயத்தை நோக்கிச் சுட்ட குண்டு வயிற்றில் பாயும். அந்த மான் உடனே சாவதில்லை. புதருக்குள் ஓடி ஒளிந்து, நெடுநேரம் துடித்தே சாகும்.

எனவே, காட்டுக்குப் புறப்படுமுன் ஐம்பது தோட்டாக்களையாவது அட்டைக் குறியின்மேல் சுட்டு, முதற்குண்டு விழுந்த இடத்திலேயே கடைசிக் குண்டும் விழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வேட்டை தகுமா, தகாதா என்ற விவாதம் பழையது. ஆனால் மலிவான கண்ணாடியில் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு ஒரு வாயில்லா ஜீவன் விலை கொடுக்கலாகாது என்பதில் இரு தரப்பாரும் ஒன்றுபடுவார்கள்.