மூங்கில் கடித்த தங்கையும் வாளேந்திய அண்ணனும்: எமது பிள்ளைகள் வாசிக்கும் ஒரு மங்காவின் அட்டைப்படம்

ஜேர்மனியில் எமது வீடுகள் பலவற்றில் பிள்ளைகளின் புத்தகத் தட்டில் இப்போது ஒரே அளவான சிறிய புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. முதுகில் இலக்கம், முன் அட்டையில் வாள், கொம்பு, சிவந்த கண், சில வேளை இரத்தம். பெற்றோராகிய எமக்கு அதைக் கண்டதும் இரண்டு கேள்விகள் எழும். இது என்ன புத்தகம்? இது பிள்ளைக்கு ஆகுமா? இரண்டையும் பிள்ளையிடம் கேட்காமலே சிலர் பதிலையும் முடிவு செய்துவிடுகிறோம். பேய்ப் படம் போட்ட புத்தகம் வீட்டில் வேண்டாம் என்கிறோம். பிள்ளை அதைப் பாடசாலைப் பையின் அடியில் வைத்து வாசிக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு அந்தக் கதையைப் பற்றி எம்மிடம் கதைப்பதில்லை.

இந்தக் கட்டுரையில் அப்படியொரு தொடரின் அட்டைப்படத்தை நிதானமாகப் பார்க்கிறோம். தொடரின் பெயர் 'டீமன் ஸ்லேயர்'. ஜப்பானியப் பெயர் 'கிமெட்சு நோ யாய்பா'. எழுதி வரைந்தவர் கொயோஹாரு கொதோகே. அது ஒரு புனைபெயர். தன் முகத்தை வெளியே காட்டாத இவர், தன்னைக் கண்ணாடி போட்ட முதலையாகவே வரைந்து கொள்கிறார். 'ஷோனென் ஜம்ப்' என்ற வார இதழில் 2016 பெப்ரவரியில் தொடங்கிய கதை 2020 மே மாதம் 205ஆவது அத்தியாயத்துடன் முடிந்தது. புத்தகமாக 23 பாகங்கள். ஜேர்மன் மொழியில் லுட்விக்ஸ்பூர்க் நகரத்து குரொஸ் குல்ட் பதிப்பகம் தன் 'மங்கா குல்ட்' வரிசையில் வெளியிடுகிறது.

அட்டை ஏன் முக்கியம்?

மங்காவின் உள்ளே பக்கங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். மை, கோடு, புள்ளி நிழல், அவ்வளவே. வாசகர் அந்தப் பாத்திரத்தின் உடை பச்சையா சிவப்பா என்று அறியும் இடம் அட்டை. ஆகவே ஒவ்வொரு பாகத்தின் அட்டையையும் வரைபவர் மிகுந்த யோசனையுடன் செய்வார். பிள்ளைகள் 'எந்தப் பாகத்தின் கவர் சிறந்தது' என்று மணிக்கணக்கில் வாதிடுவதற்கு இதுவே காரணம். ஒரு தொடரை முழுதாக வாசித்தவருக்கு ஒவ்வொரு அட்டையும் அந்தப் பாகத்தில் யார் வந்தார், யார் போனார் என்பதன் நினைவு.

இன்னொன்று: இந்தப் புத்தகங்களை நாம் கையில் எடுத்தால் முன் அட்டை என்று நினைப்பது பின் அட்டையாக இருக்கும். ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். முன்னர் ஜேர்மனியில் அப்படியிருக்கவில்லை. ஹம்பேர்க் நகரத்து கார்ல்சன் பதிப்பகம் 1991இல் 'அக்கிரா'வை வெளியிட்டபோது பக்கங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பியே அச்சிட்டார்கள். 1997இல் அதே பதிப்பகம் 'டிராகன் போல்' தொடரைத் திருப்பாமல் கொண்டு வந்தது. அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. திருப்பி அச்சிட்டால் வலக்கை வாள் இடக்கைக்குப் போய்விடும் என்பது மட்டும் சிக்கல் அல்ல. ஜப்பானில் கிமோனோவின் இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் மேல் மடித்து உடுத்துவார்கள். இறந்தவருக்கு மட்டும் மாறி மடிப்பார்கள். படத்தைத் திருப்பினால் உயிரோடிருப்பவர் எல்லாரும் பிரேத உடுப்பில் நிற்பார்கள். ஒரு சமூகத்தின் படத்தை இன்னொரு சமூகம் தன் வசதிக்குத் திருப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

முதற் பாகத்தின் அட்டை

இந்தத் தொடரில் சிறந்த அட்டை எது என்று கேட்டால் பல பிள்ளைகள் 8ஆம் பாகத்தைக் காட்டுவார்கள். அதில் ரெங்கோக்கு என்ற தீச்சுடர் வீரன் நிற்கிறான். 2020இல் ஜப்பானில் வசூல் சாதனை படைத்த 'முகென் ரயில்' படத்தின் நாயகன் அவன். அழகான அட்டைதான். ஆனால் அது ஒரு தனி மனிதனின் வீரத்தைக் காட்டுகிறது. முழுக் கதையையும் தாங்குவது முதற் பாகத்தின் அட்டை என்பது எமது எண்ணம்.

அதில் இருவர். முன்னால் வாளுடன் தஞ்சிரோ என்ற பையன், நெற்றியில் தழும்பு. பின்னால் அவன் தங்கை நெசுக்கோ. அவள் வாயில் குறுக்கே ஒரு மூங்கில் துண்டு கட்டியிருக்கிறது. எம்மில் பலருக்கு மனம் துணுக்குறுவது இந்த இடத்தில்தான். ஒரு பெண்பிள்ளையின் வாயைக் கட்டி வைத்திருக்கிறார்களே என்று தோன்றும்.

கதையை அறிந்தால் அந்த மூங்கிலின் பொருள் மாறும். ஜப்பானின் தைஷோ காலம், அதாவது 1912க்கும் 1926க்கும் இடைப்பட்ட ஆண்டுகள். தஞ்சிரோ மலையில் கரி சுட்டு விற்கும் குடும்பத்தின் மூத்த பிள்ளை. தகப்பன் இல்லை. ஒரு நாள் கரி விற்கப் போனவன் இரவு வேறிடத்தில் தங்கி, காலையில் வீடு திரும்பினால் தாயும் சகோதரர்களும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். நெசுக்கோ மட்டும் மிஞ்சுகிறாள். ஆனால் தாக்கிய அரக்கனின் இரத்தம் கலந்து அவளும் அரக்கியாகிவிட்டாள். அவளை வெட்ட வந்த வீரனே, அவள் தமையனைக் கடிக்காமல் குறுக்கே நின்று காப்பதைக் கண்டு உயிரோடு விடுகிறான். மனிதரைக் கடிக்காதிருக்க அந்த மூங்கிலை வாயில் கட்டிவிடுகிறான். அன்று முதல் அது அவளுடைய நோன்பு போலாகிறது. பசித்தாலும் மனிதரைத் தின்பதில்லை.

இப்போது அட்டையைத் திரும்பப் பார்த்தால் ஒன்று புரியும். அரக்கர்களைக் கொல்லும் கதை இது. ஆனால் அட்டையில் இருக்கும் ஒரே அரக்கி, வாளேந்தியவனின் தங்கை. அவன் வாள் யாரைக் கொல்ல எடுக்கப்பட்டதோ அந்த இனத்தைச் சேர்ந்த ஒருத்தியைத்தான் முதுகுக்குப் பின்னால் வைத்துக் காக்கிறான். வெயில் பட்டால் அரக்கர் இறந்துபோவர் என்பதால் பகலில் அவளை ஒரு மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்து திரிகிறான். இந்த முரணை ஒரே படத்தில் வைத்திருப்பதே அந்த அட்டையின் சிறப்பு.

உடுப்பு சொல்லும் கதை

தஞ்சிரோவின் மேலங்கி பச்சையும் கறுப்புமான கட்டம். இதற்கு 'இச்சிமாட்சு' என்று பெயர். கட்டங்கள் முடிவில்லாமல் தொடர்வதால் வம்சம் தழைக்கும் என்ற நம்பிக்கை இந்த வடிவத்துக்கு உண்டு. நெசுக்கோவின் இளஞ்சிவப்புக் கிமோனோவில் இருப்பது 'ஆசனோஹா', சணல் இலை வடிவம். சணல் விரைவாகவும் நேராகவும் வளரும் செடி. ஆகவே ஜப்பானில் குழந்தைகளின் உடுப்பில் அந்த வடிவத்தைப் போடுவார்கள். குடும்பமே அழிந்த இருவருக்கு இந்த இரண்டு வடிவங்களையும் கொடுத்திருக்கிறார் கொதோகே.

நெசுக்கோவை உயிரோடு விட்ட அந்த வீரன் கியூவின் மேலங்கியும் கவனிக்க வேண்டியது. அது பாதிக்குப் பாதி வேறு துணி. ஒரு பாதி இறந்த தமக்கையின் உடுப்பு, மறு பாதி இறந்த நண்பனுடையது. ஷினோபு என்ற பெண் அணியும் வண்ணத்துப்பூச்சி மேலங்கி அவளுடைய இறந்த தமக்கையுடையது. அம்மாவின் பழைய சேலையில் ஏணை கட்டி வளர்ந்த எமக்கும், ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரேயொரு சேலையை இன்னும் அலுமாரியில் மடித்து வைத்திருக்கும் எமது தாய்மாருக்கும் இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எமக்கு இது புதிதா?

இருளும் பேயும் எமது படங்களில் இல்லாதவை அல்ல. பைவரவர் கையில் கபாலம். காளியின் கழுத்தில் மண்டையோட்டு மாலை. நரசிம்மர் மடியில் இரணியனின் குடல். கைக்குழந்தையாக இருக்கும்போதே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் இவற்றைக் கும்பிட வைக்கிறோம். பிள்ளை பயந்து அழுதால் அது சாமி, ஒன்றும் செய்யாது என்கிறோம். உருவம் பயங்கரமானதென்பதால் அதன் உள்ளும் பயங்கரம் என்று நாம் நினைப்பதில்லை.

எமது தலைமுறையில் ஊரில் வாசித்தவர்களுக்கு 'அம்புலிமாமா' நினைவிருக்கும். அதில் மாதாமாதம் வந்த விக்கிரமாதித்தன் வேதாளக் கதைக்கு ஓவியர் சங்கர் வரைந்த படம்: சுடலை, கையில் உருவிய வாள், தோளில் பிணம். 2020இல் சங்கர் மறைந்தபோது பலரும் முதலில் நினைத்தது அந்தப் படத்தைத்தான். அதைப் பார்த்து நாம் கெட்டுப்போகவில்லை. ஒரு மனிதன் ஏன் இந்தப் பாரத்தைச் சுமக்கிறான், வேதாளத்தின் கேள்விக்கு என்ன பதில் சொல்வான் என்று யோசித்தோம். வாளும் சுமையுமாக நடக்கும் தஞ்சிரோவும் அந்த வழியில்தான் நடக்கிறான்.

கவனிக்க வேண்டியவை

இதனால் எல்லா மங்காவும் எல்லா வயதுக்கும் ஆகும் என்று சொல்ல வரவில்லை. 'டீமன் ஸ்லேயர்' தொடரில் தலை துண்டாவதும் இரத்தமும் நிறைய உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அது வேண்டாம். அதே தட்டில் 'பெர்செர்க்' போன்ற, முற்றிலும் பெரியவர்களுக்கான தொடர்களும் இருக்கும். அட்டையில் இரண்டிலும் வாள்தான் தெரியும். திரைப்படத்துக்கு ஜேர்மனியில் எஃப்.எஸ்.கே. வயதுக் குறி உண்டு. அச்சுப் புத்தகத்துக்கு அப்படியான கட்டாயக் குறி இல்லை. பதிப்பகங்கள் தாமாகப் போடும் வயதுப் பரிந்துரையைத் தேடிப் பார்க்க வேண்டும். அதைவிட நல்லது, ஒரு பாகத்தை நாமே வாசிப்பது.

அட்டையில் இன்னொன்றும் உண்டு. தஞ்சிரோவின் காதணியில் இருக்கும் கதிர்கள் ஜப்பானியப் படையின் உதயசூரியக் கொடியை நினைவூட்டுவதாகக் கொரியாவில் எதிர்ப்பு எழுந்தது. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் துன்பப்பட்ட நாடு அது. அங்கு வெளியானபோது காதணியின் கோடுகளை மாற்றினார்கள். கதைக்குள் அது தகப்பன் மகனுக்குக் கொடுத்த குடும்பச் சொத்து. கொரியருக்கு அது வேறு நினைவு. நாசிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றமாகவுள்ள ஜேர்மனியில், கல்யாண அழைப்பிதழில் சுவஸ்திகம் போடலாமா என்று இருமுறை யோசித்த எமது குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் விளங்கும். ஒரு சின்னத்துக்கு நாம் கொடுக்கும் பொருள் மட்டும் அதன் பொருள் ஆகிவிடாது. இதைப் பிள்ளைகளுடன் கதைக்க அந்தக் காதணி நல்ல தொடக்கம்.

23ஆம் பாகம்

முடிவை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். 2020 டிசம்பரில் வந்த கடைசிப் பாகத்தின் அட்டையிலும் அதே அண்ணனும் தங்கையும்தான். ஆனால் நெசுக்கோவின் வாயில் மூங்கில் இல்லை. இருவரும் சிரிக்கிறார்கள். முதற் பாகத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சிரிப்பின் விலை தெரியும். இடையிலுள்ள 21 அட்டைகளும் அதற்காகக் கொடுத்தவை. முதல் அட்டையைச் சிறந்தது என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முடிவில் எதை எடுத்துவிட வேண்டும் என்பதை அது தொடக்கத்திலேயே அந்தப் பெண்ணின் வாயில் கட்டி வைத்துவிட்டது.

எமது குடும்பங்களில் கதை அப்படி முடியவில்லை. 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக வந்திறங்கிய இளைஞர்களில் பலர் வீட்டின் மூத்த பிள்ளைகள். தம்பி தங்கையரை ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டவர்கள், அவர்களுக்காகக் கடன் பட்டவர்கள், சீதனத்துக்கு உழைத்தவர்கள் அவர்கள். கூப்பிட முடியாமற் போனவர்களும் உண்டு. காணாமற் போன தம்பியின் படத்தை இன்றுவரை சுவரில் மாட்டாமல், மாலை போட மனமில்லாமல் இருப்பவர்களும் உண்டு. இவற்றைப் பிள்ளைகளிடம் எந்தச் சொல்லால் தொடங்குவது என்று எமக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளுக்கும் எப்படிக் கேட்பதென்று தெரிவதில்லை.

தட்டில் அந்தப் புத்தகம் இருந்தால் முதற் பாகத்தையும் கடைசிப் பாகத்தையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தப் பிள்ளையின் வாயில் ஏன் மூங்கில் என்று கேட்டுப் பாருங்கள். ஜேர்மன் பாதி தமிழ் பாதியாகப் பதில் வரும். நீளமாகவே வரும். கேட்டு முடித்தபின், அண்ணன் தங்கையைச் சுமந்த கதை எம்மிடமும் ஒன்று இருக்கிறது என்று சொல்ல நேரம் இருக்கும்.