ஒரே நேரத்தில் 2 டிகிரியா, மைனரா? சேருவதற்கு முன் இதைப் பாருங்க!

தச்சநல்லூரில் இருந்து ஆற்றைத் தாண்டி பாளையங்கோட்டை கல்லூரிக்குப் போய் பி.காம். படிக்கிறீங்க. கூடவே கம்ப்யூட்டரும் படிக்கலாமா? படிக்கலாம்.

2 டிகிரி: 2022 ஏப்ரலில் யுஜிசி அனுமதித்தது. ரெண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக்கூடாது. ஒன்றைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். அந்தப் படிப்புக்கு யுஜிசி அங்கீகாரம் இருக்கான்னு பார்த்துட்டு பணம் கட்டுங்க.

டபுள் மேஜர்: ஒரே டிகிரி, 2 முதன்மைப் பாடம். யுஜிசி கட்டமைப்புப்படி 2-வது பாடத்தில் குறைந்தது 40% கிரெடிட் வேண்டும்.

மைனர்: அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, பி.இ. மாணவர்கள் கூடுதலாக 18 கிரெடிட் படிக்கணும்.

எது சரி? 2-வது பாடத்தில் மேற்படிப்புதான் இலக்கு என்றால் தனி டிகிரி உதவும். வேலைக்குத் திறமையைக் கூட்டிக்கொள்ள மைனர் போதும். அரியர் இருந்தால், முதலில் அதை முடிங்க!