பிள்ளையின் மாத்திரையை நிறுத்தாதீர்கள்!



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில், ஒரு தாயைச் சாட்சி சொல்லும்படி முன்னே அழைத்தேன். தன் மகனின் இரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படவில்லை என்று அவர் கண்ணீரோடு சொன்னார். இன்ன கிருமி என்று சொல்லவில்லை. அது எனக்கு மாத்திரம் தெரியும். சபையார் கைதட்டி ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். சில மாதங்களுக்குப் பின் அந்தச் சிறுவனின் விலாப்புறத்தில் அக்கி எழும்பிற்று. விசாரித்தபோது, சாட்சி சொன்ன வாரமே மாத்திரைகளை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். "சுகம் கிடைத்தபின் மருந்து உண்பது அவிசுவாசம் அல்லவா, பாஸ்டர்?" என்று என்னையே கேட்டார். நான் அப்படிப் போதித்ததில்லை. ஆனால் அப்படியல்ல என்றும் போதித்ததில்லை. குற்றம் என்னுடையது. அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மறைத்து இதை எழுதுகிறேன்.

"தென்படவில்லை" என்பதன் பொருளை அன்று நானும் சரியாக அறிந்திருக்கவில்லை. எச்.ஐ.வி. கிருமி, நம் உடலைக் காக்கும் சி.டி.4 என்னும் வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கிறது. ஏ.ஆர்.டி. என்னும் கூட்டு மருந்து கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. ஒழுங்காக உண்டுவந்தால், கருவிக்குப் பிடிபடாத அளவுக்கு இரத்தத்தில் கிருமி குறைந்துவிடும். அழிந்த சேனையும் மெல்லத் திரும்பும். இதில் பிள்ளைகளுக்கு ஒரு சிலாக்கியம் உண்டு. மார்பெலும்புக்குப் பின்னே இருக்கும் தைமஸ் சுரப்பி, பெரியவர்களுக்குச் சுருங்கிப்போயிருக்கும்; பிள்ளைகளுக்கோ அது புதிய அணுக்களைச் சுறுசுறுப்பாகப் பயிற்றுவித்து அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே காலத்தில் மருந்து தொடங்கிய பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி, பெரியவர்களைக் காட்டிலும் நன்றாக மீளுகிறது. ஆனால் சில அணுக்களுக்குள் கிருமி உறங்கியபடியே மறைந்திருக்கும். மருந்து அதை எட்டுவதில்லை. மருந்து நின்றால் அது விழித்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2010-ல் பிறந்த ஒரு குழந்தைக்கு, பிறந்து 30 மணி நேரத்தில் சிகிச்சை தொடங்கினார்கள். சுமார் ஒன்றரை வயதில் மருந்து நின்றுபோயிற்று. அதன்பின்னும் கிருமி காணப்படாததால், 2013-ல் உலகமெங்கும் அந்தக் குழந்தையைப் பற்றியே பேச்சாயிருந்தது. மருந்தின்றி 27 மாதங்கள் கடந்தன. 2014 ஜூலையில் கிருமி திரும்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. தேர்ந்த மருத்துவர்களே அவ்வாறு ஏமாந்தார்கள் என்றால், நம் சபையின் ஒரு எளிய தாயை என்ன சொல்வது?

எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்டது. அவன் ஆயுசோடே 15 ஆண்டுகள் கூட்டப்பட்டன. அதற்குப் பின்பும் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னவன் ஏசாயா தீர்க்கதரிசிதான். இதை எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! ஜெபியுங்கள்; மாத்திரையையும் கொடுங்கள். உபவாச ஜெப நாளிலும் மாத்திரைக்கு உபவாசம் கிடையாது.

மருந்தில்லாமல் இந்தக் கிருமியோடு வளரும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் இரண்டு வயதைக் காண்பதில்லை. தென் ஆப்பிரிக்காவில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், பிறந்த சில வாரங்களிலேயே மருந்து தொடங்கியதால் குழந்தை மரணம் 76 சதவீதம் குறைந்தது. நம் தேசத்தில் 2004 ஏப்ரல் முதல் இம்மருந்து அரசு மையங்களில் இலவசம். பிள்ளைகளுக்கென்று தனித் திட்டம் 2006-ல் வந்தது. சி.டி.4 எண் குறையும்வரை காத்திராமல், தொற்று உள்ள யாவருக்கும் உடனே மருந்து என்பது 2017 முதல் விதி.

சி.டி.4 எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு குழந்தைகளுக்கு இது இயல்பாகவே மிக அதிகம். பெரியவருக்கு 1,000 நல்ல எண். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதுவே குறைவு. அக்கம்பக்கத்தாரின் எண்ணோடு ஒப்பிட்டு மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். மருந்து தொடங்குமுன் போட்ட தடுப்பூசிகளின் பலன் உடலில் நிலைக்காமல் போயிருக்கலாம். சக்தி மீண்டபின் தட்டம்மை ஊசியை மறுபடி போடவேண்டுமா என்று கேளுங்கள். காசநோய் உள்ளவர் வீட்டில் இருந்தால் மறைக்காதீர்கள். இந்நாட்களில் "இம்யூனிட்டி" என்று எழுதி விற்கும் மாவுகள் எதுவும் மாத்திரைக்கு ஈடாகாது. இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளைக்கூட நேரம் கேட்டே கொடுங்கள். அவை டாலுடெக்ராவிர் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும்.

சரோஜினி நகரில் குடியிருந்த நம்மவர்களில் அநேகர், பழைய அரசுக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபின் சிதறிப்போனார்கள். ஆனாலும் சப்தர்ஜங் மருத்துவமனையும் எய்ம்ஸும் அருகிலேயே இருப்பது இவ்விடத்தாருக்கு இன்னும் பெரிய வசதி. அங்கே நான் கண்ட ஒரு காட்சி மனதைவிட்டு அகலவில்லை. இந்தி அறியாத தாய்; பள்ளியில் இந்தி கற்ற ஒன்பது வயது மகன். ஆலோசகர் சொல்வதை அவன்தான் மொழிபெயர்க்கிறான். தன் வியாதியைத் தானே தாய்க்கு விளக்கும்படியான நிலை ஒரு பிள்ளைக்கு வரலாமா? இந்தி அறிந்த சகோதரிகளே, உடன் செல்லுங்கள். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். சம்மதமின்றி ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளிப்படுத்துவதை 2017-ம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. பிள்ளைக்கோ, பள்ளிப் பருவத்திலேயே, வயதுக்கேற்றபடி சிறிது சிறிதாக உண்மையைச் சொல்லவேண்டும். மாத்திரை எதற்கென்று அறியாத பையன், பன்னிரண்டு வயதில் அதைத் தலையணைக்கடியில் ஒளிப்பான்.

எப்போதும் குறை பெற்றோர் பேரில் மட்டும் அல்ல. 2017-ல் பிள்ளைகளுக்கான லோபினாவிர் சிரப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிள்ளைகளே பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். 2022-ல் மருந்து கிடைக்கவில்லை என்று தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்திற்கு முன் ஒரு மாதத்திற்கும் மேலாகப் போராட்டம் நடந்தது. ஆகவே மாத்திரை தீருமுன்னே மையத்துக்குச் செல்லுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், பயணச்சீட்டு எடுத்தவுடனே ஏ.ஆர்.டி. மையத்தில் தேதியைச் சொல்லி, திரும்பும் நாள்வரைக்கும் சில நாட்கள் கூடுதலாகவும் மருந்து கேளுங்கள். சிகிச்சைப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். ரயிலில் இரண்டு இரவுகள் வரும், எட்டு மணிக்கு அவை கைக்கு எட்டவேண்டும். ஊரில் பாட்டி "என்ன மாத்திரை?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்பதைக் கணவனும் மனைவியும் தில்லியிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.