மலையகத்தில் ஒரு சைக்கிள் யாத்திரை

மலைநாட்டைக் காண வழிகள் பல உண்டு. மோட்டார் காரில் வருபவர் கண்ணாடி வழியே மலையைப் பார்க்கிறார். ரயிலில் வருபவர் சன்னல் சட்டத்துக்குள்ளே பார்க்கிறார். துவிச்சக்கர வண்டியில் வருபவருக்கோ மலை முதலில் தொடையில் தெரிகிறது. அப்புறந்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அவ்வாறு தெரிந்த மலையை அவர் ஆயுள் உள்ளவரை மறப்பதில்லை.

கூடாரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற ஆங்கிலேயத் தையற்காரர், சுமக்க இலகுவான கூடாரத்தைத் தாமே தைத்து, நண்பர்களுடன் அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் சைக்கிளிற் சுற்றினார். அந்த அனுபவத்தை 1898இல் நூலாக வெளியிட்டார். சைக்கிளில் சென்று முகாமிடுவோருக்கென 1901இல் இங்கிலாந்தில் ஒரு சங்கமே தோன்றிவிட்டது. பெருஞ்செல்வர்களின் பொழுதுபோக்காக அல்லாமல், ஊசியும் நூலும் பிடித்த ஒரு தொழிலாளியின் கைத்திறனால் வளர்ந்த கலை இது. ஆகவே இது நமது மாணவர்களுக்கும் எட்டாத கனியன்று.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்திற் கொள்ளவேண்டும். பிற தேசங்களில் ஆளில்லாத மலைகளைத் தேடிக் கூடாரம் கொண்டு போகிறார்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அத்தகைய மலை அரிது. எவ்வளவு தூரம் உள்ளே சென்றாலும் ஒரு லயம் இருக்கும். ஒரு மாரியம்மன் கோவில் இருக்கும். பீலியில் குடத்துடன் ஒரு தாய் நிற்பாள். இங்கே யாத்திரைக்குத் திட்டமிடுவதென்பது, பிறர் வீட்டு முற்றத்தின் வழியே எப்படிப் பண்போடு கடந்து செல்வது என்று திட்டமிடுவதேயாகும்.

வழியும் நாளும்

புதிதாகப் புறப்படுவோருக்கு ஏற்ற வழி ஒன்றைச் சொல்வோம். ஹட்டனில் தொடங்கிக் கொட்டகலை, பத்தனை வழியாகத் தலவாக்கலையை அடைவது முதல் நாள். டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகளை வீதியிலிருந்தே கண்டு களிக்கலாம். இரண்டாம் நாள் லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியா. மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் ஹக்கலை வழியாக வெலிமடைக்கு இறக்கம். ஐந்தாம் நாள் பண்டாரவளையைக் கடந்து ஹப்புத்தளை. எல்லாமாகச் சுமார் 100 கிலோமீட்டர் இருக்கும்.

"நூறு கிலோமீட்டருக்கு ஐந்து நாட்களா?" என்று யாழ்ப்பாணத்துச் சமதரையில் சைக்கிள் மிதித்துப் பழகிய தம்பிமார் நகைக்கக்கூடும். தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவோ 1,868 மீட்டர். மூட்டையைச் சுமந்துகொண்டு அறுநூறு மீட்டருக்கு மேல் ஏறியபின் அவர்கள் நகைக்கமாட்டார்கள். ஏற்றத்தில் இறங்கி வண்டியைத் தள்ளுவது வெட்கமன்று. மூச்சு வாங்கும் அந்த வேளையிலேதான் மலை நம்மோடு பேசத் தொடங்குகிறது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன் பக்கத்தை நனைக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று ஊவாப் பக்கத்தை நனைக்கும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டமும் வாகன நெரிசலும். ஆதலால் பெப்ரவரிப் பிற்பகுதியும் மார்ச் மாதமுமே உகந்தவை. ஆண்டின் முதலிரு மாதங்களில் நுவரெலியாப் புல்வெளிகளில் உறைபனி படிவதுமுண்டு.

மலையின் அழகில் மயங்கி அதன் சினத்தை மறந்துவிடலாகாது. 2025 நவம்பர் இறுதியில் தாக்கிய டித்வா புயலினால் இலங்கையில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலையகத்தில் மண்சரிவுகள் வீடுகளையும் வீதிகளையும் ரயில் பாதையையும் சிதைத்தன. எனவே புறப்படுமுன் வீதி நிலைமையையும் ரயில் சேவையையும் விசாரித்தறிவது அவசியம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒத்திவைப்பதே புத்தி. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, இலவச அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய எண்களை ஒவ்வொருவரும் குறித்துவைத்திருக்கட்டும்.

சுமையும் வண்டியும்

வீட்டில் கைக்கு இலேசாகத் தோன்றும் பொருள் மலையேற்றத்தில் கல்லாய்க் கனக்கும். சிறு கூடாரம், கம்பளி, மழையங்கி, மாற்றுடை ஒன்று, சிறு அடுப்பு, அரிசி, பருப்பு, மருந்து, கைவிளக்கு ஆகியவை போதும். மூட்டையை முதுகில் ஏற்றாமல் வண்டியின் இருபுறமும் சமமாகக் கட்டவேண்டும். உதிரி டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றுப் பம்பு, பிரேக் கட்டைகள் ஆகியவற்றை மறக்கலாகாது.

ஏறுவதற்குப் பற்சக்கரம் எவ்வளவு முக்கியமோ, இறங்குவதற்குப் பிரேக் அவ்வளவு முக்கியம். நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குச் செல்லும் இறக்கம் நீண்டது, வளைவுகள் கூர்மையானவை. பிரேக்கை ஓயாது அழுத்திப் பிடித்தால் சக்கர வளையம் சூடேறும். விட்டுவிட்டுப் பிடிப்பதும், இடையிடையே நின்று ஆறவிடுவதும் நலம். மாலை மூன்று மணிக்குமேல் மூடுபனி இறங்கும் என்று எண்ணியே நாளைத் திட்டமிடுங்கள்.

எங்கே தங்குவது?

தேயிலை மலைகள் யாருமற்ற நிலங்களல்ல. 1992 முதல் பெருந்தோட்டங்கள் பலவற்றைக் கம்பெனிகள் நிர்வகித்து வருகின்றன. தோட்ட முகாமையாளரிடம் அனுமதி பெறாமல் கூடாரம் அடிப்பது முறையன்று. அனுமதி கிடைத்தபின் லயத்துப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவேண்டும். கோவில் மைதானமோ பாடசாலைத் திடலோ கிடைத்தால் அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை. ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்காவாதலால், அங்கே தங்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

தேயிலைக்கு மருந்து தெளிப்பதுண்டு. எனவே ஓடை நீரை அப்படியே பருகலாகாது. பருகும் நீர் எங்கே கிடைக்கும் என்று ஊரவரையே கேட்டு, அதையும் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள். அட்டை கடித்தால் உப்பு உதவும். மலையகத்துக் காட்டுத் துண்டுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. ஆகவே இருட்டியபின் தனியே உலாவாமலும், உணவுக் கழிவுகளைச் சிதறாமலும் இருப்பது கடமை. கொழுந்து பறிக்கும் பெண்கள் காட்சிப் பொருளல்லர். கேளாமல் படம் பிடிப்பதைவிட, நின்று வணக்கம் சொல்லி நலம் விசாரிப்பது மேல். அதற்குப் பரிசாக ஒரு கோப்பை சாயத்தண்ணீரும் ரொட்டியும் சம்பலும் கிடைத்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

வீதி சொல்லும் கதை

இவ்வீதியில் ஏறும்போது ஒரு கேள்வி தானே எழும்: இதை வெட்டியவர் யார்? 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் கரையேறி, காட்டு வழியே மாத்தளைக்கும் அப்பாலுள்ள மலைகளுக்கும் கால்நடையாக நடந்தார்கள். வழியிலேயே மாண்டோர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் காலப்போக்கில் கோப்பியை அழிக்கவே, தேயிலை மலையெங்கும் பரவியது. ரயில் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. காடழித்த கரங்களும் கொழுந்து பறித்த விரல்களும் நமது முன்னோருடையவை. ஆயினும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றவராக்கியது. எஞ்சியோர் பிரச்சினைக்கு 2003இல்தான் சட்டம் வழி செய்தது.

அண்மைக் காலத்தில் கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, பழைய தேயிலை வழிகளை இணைத்து 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 'பீக்கோ' நடைவழி அமைக்கப்பட்டுள்ளது. உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அதில் நடக்க வருகிறார்கள். அவர்கள் வரட்டும், வரவேற்போம். ஆனால் அவ்வழிகளை உண்டாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள், வேலை தேடி மலையை விட்டு இறங்குவதற்கு மட்டுந்தானா அவற்றில் செல்லவேண்டும்? சுமை தூக்கிய வழியில் ஒருமுறையேனும் மகிழ்ச்சிக்காகவும் செல்லவேண்டாமா?

பெற்றோரே, பிள்ளைகள் இத்தகைய யாத்திரைக்கு அனுமதி கேட்டால் உடனே மறுத்துவிடாதீர்கள். நால்வராகச் செல்லட்டும், அவர்களுள் ஒருவர் அனுபவசாலியாக இருக்கட்டும். செல்லும் வழியையும் தங்கும் இடங்களையும் எழுதித் தரச்சொல்லுங்கள். மாணவரே, அடுத்த விடுமுறைக்கு இன்னும் காலம் இருக்கிறது. இன்றே வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். வீட்டருகே உள்ள மேட்டில் மூட்டையுடன் ஏறிப் பழகுங்கள். மலை எங்கும் ஓடிப்போய்விடாது. ஆயத்தமாகி வருபவருக்காக அது காத்திருக்கும்.