சில்லுகளின் ஒலியும் அதன் காரணமும்

மாட்டு வண்டியின் சில்லு கிறீச்சிடத் தொடங்கினால் வண்டிக்காரன் வண்டியை நிறுத்தி அச்சுக்கு மசகு இடுவான். ஒலியைக் கேட்டதும் அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் அவன் ஒருங்கே அறிவான். மோட்டார்க் காரைச் செலுத்துவோரிற் பலர் அவ்வாறு செய்வதில்லை. சில்லுப் புறத்திலிருந்து புதியதோர் ஒலி எழும்போது கண்ணாடிகளை உயர்த்திவிட்டு வானொலியைச் சற்று உரக்க வைப்போரும் உளர். ஒலி மறைந்துவிடும், பழுது மறையாது. சில்லு எழுப்பும் ஒலிகளுட் சில பொருட்படுத்தத் தகாதவை. வேறு சில உயிருக்கே இறுதி தேடத்தக்கவை. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஒலியின் காரணத்தைத் தேடும் முறை பௌதிக ஆய்வுகூடத்தில் நாம் கையாளும் முறையே. ஏனைய நிலைமைகளை மாற்றாது வைத்து, ஒன்றை மாத்திரம் மாற்றி, விளைவு எவ்வாறு மாறுகின்றது என நோக்குதல் வேண்டும். முதலிற் காரை நிறுத்தி வைத்து எஞ்சினை மாத்திரம் விரைவாக ஓடவிடுக. அப்போதும் அவ்வொலி கேட்குமாயின் அது எஞ்சினைச் சார்ந்தது. கேளாதாயின் சில்லுகளையும் அவற்றைச் சார்ந்த உறுப்புகளையும் ஐயுறலாம்.

அடுத்து வேகத்தை மாற்றுக. சிறிய காரின் சில்லு ஒரு முறை சுழலும்போது ஏறக்குறைய 1.9 மீற்றர் தூரம் செல்லும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு ஏறக்குறைய 9 முறையும், 10 கிலோமீற்றர் வேகத்தில் ஒன்றரை முறையும் சுழல்கின்றது. ஆதலின் விரைவில் முரலொலியாகக் கேட்பது மெதுவாகச் செல்லுகையில் எண்ணத்தக்க தட்டொலிகளாகப் பிரிதல் கூடும். சுழற்சிக்கு ஒரு தட்டு வீதம் கேட்பின் ரயரைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். பள்ளத்திற் சிக்கிய கல்லாயின் நெம்பி எடுத்துவிடலாம். ஆணியாயின், மேலதிகச் சில்லை ஆயத்தஞ் செய்யாது அதனைப் பிடுங்குதல் ஆகாது. ரயரின் பக்கம் வீங்கியிருப்பின் உள்ளிழைகள் அறுந்தன என்பது பொருள். அதற்குப் பழுதுபார்த்தல் இல்லை. ரயரை மாற்றுதலே வழி.

மூன்றாவதாகப் பிறேக்கை மிதித்துப் பார்க்க. மழை பெய்த மறுநாட் காலையில் முதற் சில மிதிப்புகளில் உராய்வொலி கேட்டு மறைவது, பிறேக் தட்டிற் படிந்த மெல்லிய துரு தேய்வதனாலாகும். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் நாள்தோறும் கேட்கும் மெல்லிய கீச்சொலி வேறு. இக்காலக் கார்கள் பலவற்றின் உராய்வுப் பட்டைகளில் சிறியதோர் இரும்புத் தகடு பொருத்தப்பட்டுள்ளது. பட்டை தேய்ந்ததும் அத்தகடு தட்டைத் தொட்டுக் கீச்சிட்டு எச்சரிக்கின்றது. புதிதாக இருக்கையில் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள பட்டை 3 மில்லிமீற்றராகக் குறைந்ததும், ஓர் அச்சின் இரு புறத்துப் பட்டைகளையும் சேர்த்தே மாற்றுதல் முறை. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதோர் பின்னர் இரும்போடு இரும்பு அரைபடும் ஒலியைக் கேட்பர். அப்போது தட்டும் பழுதுறும். கார் உரிய தூரத்துள் நில்லாது.

நான்காவது சோதனை திருப்பத்திலாகும். கார் இடப்புறம் திரும்பும்போது பாரம் வலப்புறச் சில்லுகளின் மீது சாய்கின்றது. நேராகச் செல்லுகையில் வேகத்தோடு உயரும் உறுமலொலி இடத் திருப்பத்தில் மிகுந்து, வலத் திருப்பத்திற் குறையுமாயின், வலப்புறச் சில்லின் போதிகை, அதாவது 'பெயாரிங்', பழுதுற்றது என ஐயுறலாம். சீரற்றுத் தேய்ந்த ரயரும் இதனைப் போலவே உறுமும். ஆயின் ரயரின் ஒலி தெருவின் தளம் மாறும்போது மாறும்; முன் ரயர்களைப் பின்னும் பின் ரயர்களை முன்னுமாக மாற்றினால் ஒலியும் இடம் மாறும். போதிகையின் ஒலியோ மாறாது. சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைக்கையில் ஆட்டங் காணப்படினும், கையாற் சுழற்றுகையில் கரகரப்புத் தோன்றினும் ஐயம் உறுதியாகும். அதன்பின் தாமதித்தல் தகாது. முற்றாகச் சிதைந்த போதிகை இறுகிச் சில்லை நிறுத்திவிடலாம்; சில்லையே கழலச் செய்தலுங் கூடும்.

இறுக்கமாகத் திருப்பும்போது 'டக் டக்' என எழும் ஒலி வேறொரு மூட்டினுடையது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959 இல் வெளிவந்த மினிக் காரைப் போன்று முன்சில்லுகளால் இழுக்கப்படும் கார்களில், திரும்பும் சில்லுக்கும் விசையைச் செலுத்தும் மூட்டு ஒன்று உண்டு. அதனை மூடியுள்ள இறப்பர் உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறி மணல் உட்புகும். உறை கிழிந்ததை உடனே கண்டு மாற்றினால் மூட்டு தப்பும். யாழ்ப்பாணத் தெருக்களில் இன்றுங் காணப்படும் மொரிஸ் மைனர் கார்கள் பின்சில்லுகளால் உந்தப்படுவன. அவற்றில் இம்மூட்டு இல்லை.

எல்லாவற்றினும் கொடியது, சில்லை மாற்றிய சில நாட்களுள் மெதுவான ஓட்டத்திற் கேட்கும் 'லொடக்' என்னும் ஒலியும், அதனோடு வரும் சுக்கானின் நடுக்கமும். அது நட்டுகள் தளர்ந்தமையின் அடையாளம். வீடு சேரும்வரை பொறுக்காது அவ்விடத்திலேயே நிறுத்துதல் வேண்டும். நட்டுகளை அடுத்தடுத்தன்றி எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் சோதித்தல் நன்று.

இச்சோதனைகளைச் செய்வோர் தம்மைக் காத்தலையும் மறத்தலாகாது. சமதரையில் நிறுத்தி, மற்றைச் சில்லுகளுக்கு அணை கொடுத்த பின்னரே 'ஜக்'கினால் உயர்த்துக. அதனை மாத்திரம் நம்பிக் காரின் கீழ் நுழையற்க. பழைய பிறேக் பட்டைகளிற் கல்நார் கலந்திருத்தல் கூடுமாதலின், அங்குள்ள தூசியை ஊதாது ஈரத் துணியால் துடைத்தெடுக்க.

கருவிகள் எதுவுமின்றி, செவியும் பொறுமையும் கொண்டே இவற்றுட் பெரும்பாலானவற்றை நாம் அறியலாம். திருத்துதல் பயின்ற தொழிலாளியின் கடன். எப்போது, எப்புறத்தில், எத்தகைய ஒலி கேட்டது என அவருக்குத் தெளிவாக உரைத்தல் செலுத்துவோர் கடன். சிறிய ஒலியைச் சிறிதாக இருக்கும்போதே கேட்பவர்க்குச் செலவும் சிறிது, ஆபத்தும் சிறிது.